கறிச்சோற்றோடு ஒயின் ஒத்துவரவில்லையா? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

மலேசியாவில், எங்கள் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் தீபாவளி, கிறிஸ்துமஸ், கல்யாணத்துக்கு முந்தின ராத்திரி விருந்து என்று வந்தால், ஸ்டவுட், பிராந்தி வரிசையில் இப்போது ஓர் ஒயின் போத்தலும் நிற்கிறது. கோலாலம்பூரில் வேலை செய்யும் பிள்ளைகள் கொண்டுவந்ததாக இருக்கும். இல்லையென்றால் டவுனில் சீனக் கடை முதலாளி, அதாவது தவுக்கே, கை காட்டியதாக இருக்கும். பாதி போத்தல் மேசையிலேயே மீந்துபோகும். "அண்ணே, நல்ல வெல குடுத்துத்தான் வாங்குனேன், யாருக்கும் புடிக்கல" என்று மறுநாள் என்னிடம் வருவார்கள். ஈப்போவில் ஒரு ஹோட்டலில் மேசை பரிமாறும் வேலையில் இருந்தவன் என்பதால் இந்த வழக்குகள் எனக்கு வருகின்றன. புகார்கள் திரும்பத் திரும்ப அதேதான். அதனால் எழுதி வைக்கிறேன்.

உங்கள் புகார் எதுவோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போங்கள். காசு செலவில்லாத காரணம் முதலில் வரும், புதுப் போத்தல் வாங்க வைக்கும் காரணம் கடைசியில் வரும். சரியானதும் நிறுத்திவிடுங்கள், மீதியைச் செய்ய வேண்டாம்.

இது முஸ்லிம் அல்லாத, 21 வயது நிரம்பியவர்களுக்கு. 2017 டிசம்பரிலிருந்து நம் நாட்டில் மது வாங்கும் வயது 21. இன்னும் 18 என்று நினைத்துத் தம்பியைக் கடைக்கு அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள்.

எந்தப் புகாராக இருந்தாலும் முதலில் இந்த மூன்றும்

போத்தலைத் தொட்டுப் பாருங்கள். சில்லென்று இல்லையா? மேலே எதையும் யோசிக்காமல் குளிர வையுங்கள். சிவப்பு ஒயினை அறை வெப்பத்தில் குடிக்க வேண்டும் என்று யாரோ சொன்னதைப் பிடித்துக்கொண்டு மேசையிலேயே வைத்துவிடுகிறார்கள். அது குளிர்நாட்டு அறைக்குச் சொன்னது, 15 முதல் 18 டிகிரி. மத்தியானத்தில் நம் தாமான் வீட்டுக் கூடம் 30-க்கு மேல் போகும். பழைய லயத்து வீட்டில் தகரத்துக்குக் கீழே இன்னும் மோசம். சிவப்பு என்றால் ஐஸ்பெட்டியில் 30, 40 நிமிடம். வெள்ளையும், ரோசே என்ற இளஞ்சிவப்பு ஒயினும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கட்டும். 8 முதல் 12 டிகிரி போதும். நுரைக்கிற வகை இன்னும் குளிராக வேண்டும்.

விருந்தாளி வாசலில் வந்துவிட்டாரா? வாளியில் ஐஸ், அதோடு தண்ணீர், ஒரு கைப்பிடி உப்பு. வெள்ளைக்கு 20 நிமிடம், சிவப்புக்கு அதில் பாதிகூட வேண்டாம். ஐஸை மட்டும் கொட்டினால் நேரமாகும். கட்டிகளுக்கு நடுவில் காற்றுதான் இருக்கும், தண்ணீர்தான் போத்தலைச் சுற்றி முழுசாகத் தொடும். ஃபிரீசரில் வைத்தால் மறக்காதீர்கள். கார்க் தள்ளிக்கொண்டு வரும், நுரைக்கிற வகை வெடித்தே போகும்.

இரண்டாவது, லேபிளில் பொடி எழுத்தில் இருக்கும் ஆல்கஹால் விழுக்காடு. திராட்சைப் பெயர் புரியாவிட்டால் பரவாயில்லை, இந்த எண்ணைப் படியுங்கள். 5 முதல் 9 வரை என்றால் பெரும்பாலும் இனிப்பு. 11, 12 என்றால் லேசானது. 14-ஐத் தாண்டினால் முரடு. கீழே பாதிப் பிரச்சினைகளை இந்த எண்ணே தீர்க்கும்.

மூன்றாவது, வரி முத்திரை. தீர்வை கட்டிய போத்தலில் சுங்கத்துறையின் முத்திரை ஒட்டியிருக்கும். அது இல்லாமல் யாராவது அரை விலைக்குக் கொடுத்தால் வாங்க வேண்டாம், வாங்கியிருந்தால் திறக்க வேண்டாம். 2018 செப்டம்பரில் சிலாங்கூரில் மெத்தனால் என்ற நச்சுச் சாராயம் கலந்த மலிவு மதுவால் பல உயிர்கள் போயின. சம்சு என்ற மலிவுச் சாராயத்தைப் பார்த்த தோட்டங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

புகார்: ஒரு மடக்கு குடித்ததும் காரம் இரட்டிப்பாகிறது

அதிகம் வருவது இதுதான். மேசையில் ஆட்டிறைச்சிப் பிரட்டல், கையில் ஷிராஸ் என்ற ஆஸ்திரேலியச் சிவப்பு ஒயின், விழுக்காடு 14.5. போத்தலின் முதுகில் "சிவப்பு இறைச்சிக்கு ஏற்றது" என்று எழுதியிருக்கும். எழுதினவர் உப்பும் மிளகும் தூவிச் சுட்ட இறைச்சியை மனசில் வைத்து எழுதினார். நம் பிரட்டலில் காய்ந்த மிளகாய் ஒரு பிடி போகிறது. ஆல்கஹால் மிளகாய் எரிச்சலைக் கிளப்பும். சிவப்பு ஒயினின் துவர்ப்பும், பால் ஊற்றாத கடுந்தேநீரில் நாக்கு வறளுமே அதுதான், எரிந்த நாக்கில் இன்னும் முரடாகத் தெரியும்.

*குளிர வைத்தீர்களா?* இல்லையென்றால் மேலே போய் அதைச் செய்யுங்கள். சிவப்பே ஆனாலும் செய்யுங்கள். குளிர்ந்த பிறகு எரிச்சல் அடங்கினால் வேலை முடிந்தது.

*எந்த நேரத்தில் குடிக்கிறீர்கள்?* கறியை மென்று விழுங்கிய கையோடு கிளாஸைத் தூக்கினால் எந்த ஒயினும் எரியும். நடுவில் ஒரு வாய் வெறுஞ்சோறு, பருப்பு, இல்லையென்றால் தயிர்ப்பச்சடி. அதன் பிறகு ஒரு சின்ன மடக்கு. காரத்தை அணைக்க ஒயினைக் குடிக்கக் கூடாது; அதற்குத் தயிர் இருக்கிறது, மோர் இருக்கிறது.

*இன்னும் எரிகிறதா? விழுக்காட்டைப் பாருங்கள்.* 14, 14.5 என்றால் அந்தப் போத்தலை மூடி வேறொரு நாளுக்கு வையுங்கள். மிளகாய் குறைவாகப் போட்ட நாள், ரசம் இல்லாத நாள், பக்குத்தே என்ற சீனப் பன்றி எலும்பு சூப் வாங்கி வரும் நாள், அன்றைக்கு அது நன்றாகவே இருக்கும்.

*வேறு வாங்கத்தான் வேண்டும், சிவப்புதான் வேண்டும் என்றால்:* 13-க்குக் கீழே தேடுங்கள். பிரான்சின் போஜொலே, எந்த நாட்டுப் பினோ நுவாராக இருந்தாலும் சரி, துவர்ப்பு குறைவு. கடையில் இரண்டும் இல்லையென்றால் மெர்லோ, அதுவும் விழுக்காடு பார்த்து. கேபர்னே சொவின்யோன் நம் காரக்கறிக்கு வேண்டவே வேண்டாம். ஊரில் எல்லாக் கடையிலும் கிடைப்பது அதுதான் என்பது வேறு விஷயம்.

*சிவப்பு கட்டாயமில்லை என்றால்:* லேசாக இனிக்கிற வெள்ளைக்கு வாருங்கள். ஜெர்மனி ரீஸ்லிங்கில் லேபிளில் "காபினெட்" என்று போட்டு விழுக்காடு 8 அல்லது 9 இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம். இனிப்பு காரத்தைத் தணிக்கும், புளிப்பு வாயைக் கழுவும், ஆல்கஹால் குறைவு. "ட்ரோக்கன்" என்று எழுதியிருந்தால் இனிப்பு இல்லாதது, அதை வைத்துவிடுங்கள். கெவுர்ஸ்ட்ராமினர் என்று ஒன்று உண்டு, ரோஜாவும் லிச்சியும் மணக்கும். இஞ்சி, பட்டை, கிராம்பு தூக்கலான கோழிப் பிரட்டலுக்கு என் கை முதலில் போவது அதற்குத்தான். பெயரைச் சொல்ல வராது. போனில் படம் வைத்துக்கொண்டு காட்டுங்கள்.

ஆட்டிறைச்சிக்கு வெள்ளையா என்று மாமாக்கள் சிரிப்பார்கள். ஊற்றிக் கொடுத்துவிட்டுப் பேசாமல் இருங்கள்.

நுரைக்கிற வகை காரத்தை அடக்கும் என்றும் ஒரு பேச்சு உண்டு. குமிழ்கள் நாக்கைக் குத்தும். சிலருக்கு அதுவே எரிச்சலைக் கூட்டும். அதை வடை, பக்கோடா, முறுக்கு, பொரித்த நெத்திலிக்கு வையுங்கள், எண்ணெய்ப் பண்டத்துக்கு அதைவிட நல்ல துணை இல்லை.

புகார்: மீனோடு குடித்தால் இரும்பு வாடை

பழைய ஆணியை நக்கினாற்போல் ஒரு சுவை, கூடவே மீன் கவிச்சி. மீனும் கெடவில்லை, ஒயினும் கெடவில்லை. சிவப்பு ஒயினில் இருக்கும் இரும்புச் சத்து மீன் கொழுப்போடு சேர்ந்தால் இந்த வாடையைக் கிளப்பும். கெம்போங், மத்தி, டின் சார்டின் போன்ற எண்ணெய் மீன்களில் அதிகம் தெரியும்.

போத்தல் ஏற்கனவே திறந்தாச்சு என்றால்: மீனில் எலுமிச்சை நன்றாகப் பிழியுங்கள், ஓரளவு அடங்கும். அடங்கவில்லையா, மீனை முடித்துவிட்டுக் கோழிக்குப் போகும்போது ஒயினை எடுங்கள்.

இன்னும் வாங்கவில்லை என்றால்: மஞ்சள் தடவிப் பொரித்த மீனுக்கு நியூசிலாந்து மார்ல்பரோவின் சொவின்யோன் பிளாங்க். தேங்காய்ப்பால் ஊற்றிய மீன் கறிக்கு ரீஸ்லிங் அல்லது செனின் பிளாங்க். சிவப்பு இல்லாமல் முடியாது என்கிறவருக்குக் குளிர்ந்த பினோ நுவார், அதுவும் சுட்ட மீனுக்கு மட்டும்.

புகார்: வெறுமனே குடித்தால் நன்றாக இருக்கிறது, சாப்பாட்டோடு சப்பென்று ஆகிவிடுகிறது

*சாப்பாட்டில் புளி இருக்கிறதா?* புளிக்குழம்பு, ரசம், மாங்காய் போட்ட மீன் தலைக்கறி, அச்சார். சாப்பாட்டின் புளிப்பு ஒயினின் புளிப்பை விழுங்கிவிடும். மிஞ்சுவது வெறும் தண்ணீர்ச் சுவை. வெண்ணெய் மணக்கும், மரப்பீப்பாயில் ஊறிய ஷார்டொனேதான் இதில் முதலில் விழும். ரசத்தைக் கடைசிக்குத் தள்ளிவைத்துப் பாருங்கள். அப்படியும் சப்பென்றிருந்தால் புளிப்பு அதிகமுள்ள வெள்ளை வேண்டும்: சொவின்யோன் பிளாங்க், ரீஸ்லிங், போர்ச்சுகலின் வின்யோ வெர்டே. கடைக்காரரிடம் "புளிப்பா இருக்கற வெள்ளை" என்றே கேளுங்கள், புரியும்.

*புளி இல்லை, எதோடு குடித்தாலும் சப்பென்றிருக்கிறதா?* அளவுக்கு மேல் குளிர்ந்திருக்கலாம். ஐஸ்பெட்டி 4 டிகிரி. அந்தக் குளிரில் மணம் எழாது. பத்து நிமிடம் வெளியே வைத்து மறுபடி முகர்ந்து பாருங்கள்.

*அதுவும் இல்லையா?* மலிவுப் போத்தல். இங்கே கொஞ்சம் கணக்கு பேச வேண்டும். 2016 மார்ச்சிலிருந்து நம் நாட்டில் மதுவுக்கான கலால் தீர்வையை ஆல்கஹால் அளவை வைத்துத்தான் போடுகிறார்கள், விலையை வைத்து இல்லை. ஆக, ஒரே விழுக்காடு உள்ள 40 வெள்ளி (ரிங்கிட்) போத்தலுக்கும் 80 வெள்ளிப் போத்தலுக்கும் தீர்வை ஒன்றே. 40 வெள்ளியில் தீர்வை, கப்பல் கூலி, கண்ணாடி, கடைக்காரர் லாபம் எல்லாம் போக உள்ளே இருக்கிற திராட்சைக்கு மிஞ்சுவது சொற்பம். இன்னும் 20, 30 வெள்ளி கூடப் போட்டால் அதில் பெரும்பங்கு ஒயினுக்கே போகிறது. அதனால் 60 முதல் 90 வெள்ளி வரை விலையுள்ள போத்தலுக்குப் போவது வீண் போகாது. அதற்கு மேலே, காரக்கறிக்கு? 200 வெள்ளிப் போத்தலில் இருக்கிற நுணுக்கம் எதுவும் மிளகாய்க்கும் சோம்புக்கும் நடுவில் தெரியாது. பரிசாக வந்திருந்தால் கறி இல்லாத ஒரு சாயந்திரம் திறங்கள்.

*இங்கே யாரைக் கேட்பது?* 100 வெள்ளியைத் தாண்டப் போகிறீர்கள் என்றால் தவுக்கேயை விட்டுவிட்டு, ஈப்போவில் ஒயினை மட்டும் விற்கும் கடைக்குப் போய்க் கேளுங்கள். "ஒரு நல்ல ஒயின் குடுங்க" என்று கேட்டால் லாபம் அதிகமுள்ளதை எடுத்து நீட்டுவார்கள். இப்படிக் கேளுங்கள்: "தேங்காய்ப்பால் ஊத்துன கோழிக் கறி, காரம் அதிகம், வீட்ல இனிப்பு புடிக்கும், 80 வெள்ளிக்குள்ள." நாலு விவரமும் சொன்னால் அவர்களால் ஏமாற்றவும் முடியாது, தப்பிக்கவும் முடியாது.

புகார்: புளிக்கிறது, கசக்கிறது

*இனிப்புப் பலகாரத்தோடு குடித்தீர்களா?* காரணம் அதுதான். கேசரியோ அதிரசமோ சாப்பிட்ட வாயில் இனிப்பில்லாத ஒயின் காடியாகத் தெரியும். பலகாரத்தைவிட ஒயின் இனிப்பாக இருக்க வேண்டும். கேசரிக்கும் பழத்துக்கும் இத்தாலியின் மொஸ்காட்டோ த ஆஸ்தி, விழுக்காடு ஐந்து சொச்சம்தான், ஒயினே பிடிக்காத அத்தைகளும் இரண்டாவது கிளாஸ் கேட்பார்கள். வெல்லம் போட்ட அதிரசத்துக்குப் போர்ட் பொருந்தும்; ஆனால் அது 20 விழுக்காடு ஆல்கஹால், சின்னக் கிளாஸில் ஊற்றுங்கள். குலோப் ஜாமூனுக்கு எந்த ஒயினும் வேண்டாம், தேநீர் குடியுங்கள்.

*பாகற்காய், வெந்தயம் தூக்கலான குழம்பு?* கசப்பும் துவர்ப்பும் கூட்டுச் சேரும். சிவப்பை ஒதுக்குங்கள்.

*எதோடும் சாப்பிடவில்லை, முதல் மடக்கே புளிப்பா?* இனிப்பாக இருக்கும் என்று எதிர்பார்த்து வாங்கியிருப்பீர்கள். கிறிஸ்துமஸுக்கு வீட்டில் சர்க்கரை போட்டுப் பாட்டி ஊறவைக்கும் திராட்சை ஒயினில் வளர்ந்த நாக்குக்கு இது சகஜம், வெட்கப்பட ஒன்றுமில்லை. லேபிளில் "டிரை" என்றால் இனிப்பு இல்லை. "மீடியம் டிரை"யில் துளி இருக்கும். "மீடியம் ஸ்வீட்", "ஸ்வீட்" நேரடியான பேச்சு. நுரைக்கிற வகையில்தான் வம்பு: "எக்ஸ்ட்ரா டிரை" என்பது "புரூட்" என்பதைவிடக் கொஞ்சம் இனிப்பாக இருக்கும், தெளிவாக இனிக்க வேண்டுமென்றால் "டெமி செக்" என்று தேடுங்கள். "புரூட்" வாங்கிவந்து கல்யாணப் பெண்ணின் முகம் சுளிப்பது வழக்கமாக நடக்கிறது.

*திறந்த போத்தலை என்ன செய்ய?* வெள்ளையோ ரோசேயோ என்றால் ஐஸும் லெமன் சோடாவும் சேர்த்து நீட்டுங்கள். ஒயினில் ஐஸ் போடுவது பாவம் என்று சொல்கிறவர்களுக்கு நம் ஊர் மார்ச் மாதம் தெரியாது. 50 வெள்ளிப் போத்தலுக்கு மரியாதை பார்க்க ஒன்றுமில்லை.

புகார்: நாறுகிறது, அல்லது போத்தலைப் பார்த்தால் சந்தேகமாக இருக்கிறது

எந்த வாடை என்று பிரித்துப் பாருங்கள்.

*அழுகிய முட்டை, எரிந்த தீக்குச்சி.* பயப்பட வேண்டாம். ஒரு ஜக்கில் ஊற்றி, இன்னொரு ஜக்குக்கு இரண்டு மூன்று தரம் ஆற்றுங்கள். டீ ஆற்றத் தெரிந்த கைக்கு இது வேலையே இல்லை. அரை மணியில் போய்விடும். போகவில்லையா, நன்றாகத் தேய்த்துக் கழுவிய செம்புக் கரண்டியை ஜக்கில் விட்டு ஒரு கலக்குக் கலக்கி எடுத்துவிடுங்கள். கந்தக வாடையைச் செம்பு பிடித்துக்கொள்ளும்.

*நனைந்த அட்டைப்பெட்டி, மழையில் ஊறிய செய்தித்தாள்.* கார்க்கில் உருவாகும் டி.சி.ஏ. என்ற பொருளின் வேலை. உடம்புக்குக் கெடுதல் இல்லை, ஆனால் வைத்திருக்க வைத்திருக்க வாடை கூடும். ஆற்றினாலும் போகாது, சமையலுக்கும் ஆகாது. கார்க்கைத் தூக்கி எறியாமல், மீதி ஒயினோடும் ரசீதோடும் கடைக்குக் கொண்டுபோங்கள். நல்ல கடை மாற்றிக் கொடுக்கும். திருகு மூடிப் போத்தலில் இந்தக் கோளாறு அபூர்வம். நியூசிலாந்து, ஆஸ்திரேலியப் போத்தல்கள் பெரும்பாலும் திருகு மூடிதான். திருகு மூடி என்றால் மட்டம் என்ற நினைப்பை விட்டுவிடுங்கள்.

*காடி, நகச்சாயம்.* கெட்டுவிட்டது. இப்போதுதான் திறந்தீர்கள் என்றால் கடைக்குத் திருப்புங்கள். திறந்து ஒரு வாரம் என்றால் கடைசித் தலைப்புக்குப் போங்கள்.

*காய்ச்சிய ஜாம் வாடை, வெள்ளை ஒயின் பழுப்பாக மாறியிருக்கிறது, கார்க் மேலே எழும்பியிருக்கிறது, கழுத்தில் பிசுபிசுப்பு.* வெயிலில் வெந்த போத்தல். நம் ஊரில் உண்மையான எதிரி இதுதான், திறந்த பிறகு செய்ய ஒன்றும் இல்லை. வாங்கும்போதே தடுக்க வேண்டும். கடைக் கண்ணாடிக்குப் பக்கத்தில், வெயில் படும் தட்டில் இருப்பதை எடுக்காதீர்கள். "பின்னால ஸ்டோர்ல புதுப் பெட்டி இருக்கு" என்று தவுக்கே சொன்னாலும் மயங்க வேண்டாம்; கடையில் ஏர்கோன் ஓடும், ஸ்டோரில் தகரக் கூரை. வெள்ளையும் ரோசேயும் இரண்டு மூன்று வருடத்துக்குள் விளைந்ததாக இருக்கட்டும், ஆண்டு லேபிளில் இருக்கும். வாங்கியதும் காரின் பின்பெட்டியில் போட்டுவிட்டுக் கோலகங்சார் சொந்தக்காரர் வீட்டுக்கு ஒரு நடை போய்வந்தால், சாயந்திரம் வேறு போத்தல் வாங்க வேண்டியதுதான். வீட்டில் ஐஸ்பெட்டியைத் தவிரப் பத்திரமான இடம் இல்லை. ஒரு மாதத்துக்குள் குடித்துவிடுங்கள்.

*அடியில் சர்க்கரைக் கல் போலத் துகள்.* ஒயினின் சொந்த அமிலம் குளிரில் கட்டியானது. கெடுதல் இல்லை. சிவப்பில் கறுப்பு மண்டி இருந்தால் கடைசி ஒரு விரல்கடையை ஊற்றாமல் விடுங்கள்.

*நுரைக்கக் கூடாத ஒயின் நுரைக்கிறது.* வின்யோ வெர்டே போன்ற சில வகைகளுக்குக் குறுகுறுப்பு இயல்பு. மற்றதில், கலங்கலும் ஈஸ்ட் வாடையும் சேர்ந்திருந்தால் உள்ளே மறுபடி புளித்திருக்கிறது. திருப்பிக் கொடுங்கள்.

புகார்: தலை வலிக்கிறது, முகம் சிவக்கிறது, நெஞ்சு படபடக்கிறது

*எவ்வளவு குடித்தீர்கள்?* பீர் ஊற்றுகிற கையோடு ஒயினையும் ஊற்றுவார்கள். 13 விழுக்காடு ஒயின் 150 மில்லி லிட்டரில் உள்ள ஆல்கஹால், ஒரு கேன் பீரில் உள்ளதைவிடக் கொஞ்சம் அதிகம். வீட்டுத் தண்ணீர் கிளாஸை நிரப்பினால் அது ஒன்றே முக்கால் கேனைத் தாண்டும். ஒரு போத்தலை ஐந்து பேருக்குப் பகிருங்கள், ஒரு கிளாஸ் ஒயினுக்கு ஒரு கிளாஸ் தண்ணீர் குடியுங்கள், வெறும் வயிற்றில் வேண்டாம். பெரும்பாலும் இதோடு தீரும்.

*சிவப்பில் மட்டும் தலைவலியா?* ஒயின் கெடாமல் இருக்கச் சேர்க்கும் சல்ஃபைட்டை எல்லாரும் திட்டுவார்கள். வெள்ளையிலும் இனிப்பு ஒயினிலும் அது வழக்கமாக இன்னும் அதிகம். அவற்றைக் குடித்து ஒன்றும் ஆகவில்லை என்றால் சல்ஃபைட் மேல் பழி போட முடியாது. சிவப்பை விட்டுவிடுங்கள். காரணம் தேடிக்கொண்டே குடிக்க வேண்டாம். ஆஸ்துமா உள்ளவர்கள் கதை வேறு, சல்ஃபைட்டால் இழுப்பு வரலாம்.

*டுரியான் சாப்பிட்டீர்களா?* டுரியானும் மதுவும் சேரக்கூடாது என்று ஊரில் சொல்வது வெறும் வாய்ப்பேச்சு இல்லை. ஆல்கஹால் உடைந்து வரும் நச்சுப் பொருளை அப்புறப்படுத்தும் என்சைமை டுரியானின் கந்தகப் பொருள்கள் தடுப்பதைச் சோதனைக்கூடத்தில் பார்த்திருக்கிறார்கள். சீசனில் ஏதாவது ஒன்றை எடுங்கள்.

*மாத்திரை எடுக்கிறீர்களா?* இனிமேல் நான் சொல்லக்கூடாது, டாக்டர் சொல்ல வேண்டும். நம் ஆட்களில் நீரிழிவு இல்லாத வீடு குறைவு. இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ எடுப்பவர் சாப்பிடாமல் குடித்தால் சர்க்கரை சட்டென்று இறங்கலாம், பார்க்கிறவர்கள் போதை என்று விட்டுவிடுவார்கள். பல்லுக்கும் வயிற்றுக்கும் கொடுக்கும் மெட்ரோனிடசோல் எடுக்கும் நாட்களில் ஒரு சொட்டும் கூடாது. விருந்துக்கு முன்பே கிளினிக்கில் கேட்டு வையுங்கள்.

*உடனே 999:* மூச்சு இழுப்பு, உதடு வீங்குவது, எழுப்பியும் எழாதது. குடித்த மறுநாள் பார்வை மங்கினாலும், விடாமல் வாந்தியும் வயிற்று வலியும் இருந்தாலும் மெத்தனாலாக இருக்கலாம். தூங்கினால் சரியாகும் என்று படுக்க வைக்காதீர்கள். போத்தலையும் மருத்துவமனைக்கு எடுத்துப்போங்கள்.

வண்டி ஓட்டுகிறவருக்கு: 2020 அக்டோபரிலிருந்து எல்லை 100 மில்லி லிட்டர் இரத்தத்தில் 50 மில்லிகிராம், முன்பு 80. "ரெண்டு கிளாஸ்தானே" என்ற பழைய கணக்கு இப்போது செல்லாது. சாவியை வீட்டுக்காரரிடம் கொடுத்துவிடுங்கள்.

புகார்: ஒருவருக்குப் பிடித்தது இன்னொருவருக்குப் பிடிக்கவில்லை

பத்துப் பேர் உட்காரும் மேசைக்கு ஒரே ஒயின் கிடையாது, தேட வேண்டாம். இரண்டு வகை வாங்குங்கள்: லேசாக இனிக்கும் ரீஸ்லிங் ஒன்று, நன்றாகக் குளிர்ந்த ரோசே ஒன்று. ரோசே என்றால் பெண்கள் சமாச்சாரம் என்று தள்ளுகிற ஆண்களே அதிகம். கோழி வறுவல், நெத்திலி சம்பல், மீகோரிங், சைவ வாழையிலைச் சாப்பாடு எல்லாவற்றோடும் சண்டை போடாமல் போகிற ஒரே நிறம் அதுதான். சிவப்பு கேட்டு அடம்பிடிக்கும் பெரியப்பாவுக்கென்று ஒரு பினோ நுவாரை ஐஸ்பெட்டியில் போட்டு வையுங்கள். ஆளுக்கு இரண்டு கிளாஸ் என்றால் மொத்தம் நாலு போத்தல். குடிக்காதவரை வற்புறுத்தாதீர்கள், அவருக்குச் சீராப் (ரோஜா சர்பத்) கலந்து வையுங்கள்.

புகார்: மீந்த போத்தல் இரண்டு நாளில் கெட்டுவிட்டது

காற்றும் சூடும்தான் காரணம். மூடி, நிமிர்த்தி ஐஸ்பெட்டியில் வைத்தால் வெள்ளை, ரோசே, சிவப்பு மூன்றும் மூன்று முதல் ஐந்து நாள் தாங்கும். சிவப்பையும் உள்ளேதான் வைக்க வேண்டும். நுரைக்கிற வகை மறுநாளே முடிந்துவிட வேண்டும். போர்ட் சில வாரம் இருக்கும். பாதிக்கு மேல் காலியானால், சுத்தமான சின்னப் போத்தலுக்கு விளிம்பு வரை மாற்றி மூடுங்கள், காற்றுக்கு இடமில்லாவிட்டால் இன்னும் இரண்டு நாள் சேர்த்து வரும்.

காடி வாடை லேசாக எட்டிப்பார்க்கும் சிவப்பை ஆட்டிறைச்சி ஊறவைக்க எடுத்துக்கொள்ளலாம். இஞ்சி பூண்டு விழுதோடு ஒரு கால் கிளாஸ் போதும். வெந்து முடிந்தாலும் ஆல்கஹால் முழுசாகப் போய்விடாது. ஆகவே பிள்ளைகளுக்கும், மாத்திரை எடுக்கிறவருக்கும் அந்தக் கறி வேண்டாம். திறந்த இல்ல உபசரிப்புக்கு மலாய்க்கார அண்டை வீட்டார் வருகிற நாளில் அந்தச் சமையலையே தொடாதீர்கள். கிளாஸும் சட்டியும் தனி, அவர்களுக்கான சாப்பாட்டை ஹலால் கடையிலிருந்து வரவழைப்பது இன்னும் நிம்மதி.